மாமாவுக்காக நான் சாப்பிட்டது

சென்ற மாதம், ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் உணவியல் நிபுணரின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நிபுணர் என்றால் என் மகள் வயதுப் பெண். மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த இட்லி, பிளாஸ்டிக் மீன் வறுவல், பிளாஸ்டிக் கீரைக்கட்டு எல்லாம் அளவுக்காக வைத்திருந்தார். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்ததால் அந்த மீனைக்கூட என்னால் நிதானமாகப் பார்க்க முடியவில்லை.

"சார், இந்த வெயிட் எப்பலேருந்து இருக்கு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என் வயதுக்காரர்கள் வழக்கமாகக் கல்யாணத்தைக் காரணம் காட்டுவார்கள். நான் உண்மையைச் சொன்னேன்.

"எங்க மாமாவ பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு எடுக்கறதா இருந்தாங்க மேடம். அந்த வருஷத்துலேருந்து."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "சோத்தக் குறைங்க" என்றார்.

ஆனால் நான் சொன்னதில் மிகை இல்லை. இன்றைக்கு நான் முன்னால் தூக்கிக்கொண்டு நடக்கும் இந்தத் தொப்பை, நியாயப்படி பார்த்தால், பிரெஞ்சுக் குடியரசுக்குச் சேரவேண்டியது. எங்கள் மாமாவின் உடம்பில் ஏறுவதற்காகப் புறப்பட்டு, வழியில் என்னிடம் இறங்கிவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய காலத்தில், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் அம்மாவின் அப்பா. பிரான்சை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கும் ஆசையை மட்டும் மகனுக்கு விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கடைசி மூச்சில் அம்மாவின் கையைப் பிடித்து, "தம்பிய எப்படியாச்சும் பிரான்சுக்கு அனுப்பிடு" என்று அவர் சொன்னது எங்கள் தெருவுக்கே தெரியும். தெருவுக்கே தெரியும்படி சொன்னவள் அம்மாதான். பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாமல் போனது வேறு விஷயம்.

எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீட்டுப் பையன்கள் பிரான்சுக்குப் போகச் சுலபமான வழி பட்டாளம். அங்கே போய், பனியில் நின்று, ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை சொல்தா என்போம். எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார். தெருவே அவரை சொல்தா ஐயா என்றுதான் கூப்பிடும். ஞாயிறு மாதா கோயில் பூசைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போவார். மற்ற நாட்களில் கைலியும் பனியனுமாக இருந்தாலும், நிற்கிற நிலையில் மட்டும் கோட்டுப் போட்டிருப்பார்.

மாமாவும் மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். கண் நன்றாக இருந்தது. பல் நன்றாக இருந்தது. நெஞ்சு சுத்தமாக இருந்தது. எடைதான் இல்லை. மாமா அப்படி ஓர் ஒல்லி. சட்டையைக் கழற்றினால் உடற்கூறு வகுப்பு நடத்தலாம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றால், ஏறுவதற்கு எதைப் பிடிப்பது என்று எனக்கே ஒரு கணம் குழம்பும். 'உடம்பைத் தேற்றிக்கொண்டு வா, பொங்கல் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம். அதற்குமேல் வயது தாண்டிவிடும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. முன்னால் ஒரு மழைக்காலம். அதற்குள் மாமாவைப் பெருக்கியாக வேண்டும்.

எப்படிப் பெருக்குவது என்பதில் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்தது. அம்மா சோற்றுக் கட்சி. "சோறு எறங்குனா சதை தானா வெக்கும்" என்பது அவள் கொள்கை. அப்பா மில் தொழிலாளி, இயந்திரத்தோடு பழகியவர். "வெறுஞ்சோறு இடிஞ்ச செவுத்துல சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. செவுரு நிக்கணும்னா செங்கல்லு வேணும். முட்டை, மீனு, ஈரலு" என்றார். மூன்றாவது கட்சி எதிர்வீட்டிலிருந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தது.

"ரெண்டு பேரும் பாதிதான் தெரிஞ்சு பேசறீங்க" என்றார் சொல்தா ஐயா. "சோறு இருக்கே, அது கிளுசீத். அடுப்புல போடற சுள்ளி. குபுகுபுன்னு எரியும், போயிடும். முட்டை, மீனு புரொத்தீத். அது கொத்தனாரு. கட்டுவாரு, ஒடைஞ்சத பூசுவாரு. ஆனா நான் பனியில நின்னேன்ல, அங்க என்னைக் காப்பாத்துனது யாரு? லிப்பீத். வெண்ணெ! அது பொட்டியில பூட்டி வெச்ச சொத்து. மெதுவா எரியும், ரொம்ப நேரம் எரியும், தோலுக்கு உள்ளாற ஒரு கம்பளி மாதிரி நிக்கும்."

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று என் பள்ளிப் புத்தகத்தில் அச்சாகியிருந்த அதே மூன்று பேர்தான். ஆனால் சொல்தா ஐயா பிரெஞ்சில் சொன்னதும் அவர்கள் சீருடை போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்கள். அவர் சொன்னதில் பெரிய தவறும் இல்லை. சென்ற மாதம் அந்தப் பெண் கணினியில் வண்ணப் படம் போட்டு விளக்கியதும் இதையேதான். சொல்தா ஐயா விட்டது ஒன்றுதான்: சுள்ளியோ கொத்தனாரோ யாராக இருந்தாலும், தேவைக்குமேல் வந்து சேர்ந்தால் உடம்பு அவர்களைக் கொழுப்பாக மாற்றித்தான் பெட்டியில் வைக்கும். உடம்புக்குக் கட்சி பேதம் கிடையாது. இதை நான் நேரடியாகவே நிரூபித்தேன்.

மூன்று கட்சியும் கூட்டணி அமைத்தன. மாமாவின் தட்டில் அம்மாவின் பங்காகச் சோறு குன்றுபோல் எழுந்தது. அப்பா மில் விட்டு வரும்போது குருசுக்குப்பம் போய் மத்தி மீன் வாங்கி வந்தார். அவித்த முட்டைகள் சோற்றுக்குள் பாதி புதைந்து முழித்தன. சொல்தா ஐயா, ரொட்டிக்குத் தடவ வைத்திருந்த தன் வீட்டு வெண்ணெயைக் கரண்டியில் எடுத்து வந்து உச்சியில் வைத்துவிட்டு, "வொலா!" என்பார், 'இதோ பார்' என்பதைப் பிரெஞ்சில். அது உருகி நாலா பக்கமும் வழியும். அப்புறம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். அப்பா பெரும்பாலும் மில்லில் இருப்பார். தட்டின் முன்னால் மாமாவும், பக்கத்தில் என் சின்னத் தட்டோடு நானும் மட்டும் இருப்போம்.

அம்மா பரிமாறிவிட்டு, "ரசம் எடுத்தாறேன்" என்று உள்ளே போவாள். எங்கள் வீட்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு வாசற்படிதான். ஆனால் அந்த மழைக்காலத்தில் மட்டும் ரசம் வெகு தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது.

முதல் நாள் அந்த இடைவெளியில் மாமா என்னைப் பார்த்தார்.

"டேய், எனக்காக ஒண்ணு பண்றியா?"

"என்னா மாமா?"

"இத கொஞ்சம் சாப்புடு."

"அது உங்களுக்கு மாமா. நீங்க பிரான்சுக்குப் போவணும்."

"நீ சாப்ட்டா நான் சாப்ட்ட மாதிரிதாண்டா."

வேறு ஊர்ப் பையனாக இருந்தால் இந்த வாக்கியத்தைச் சந்தேகித்திருப்பானோ என்னவோ. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒவ்வோர் அமாவாசையும் அம்மா ஒரு கவளம் சோற்றை மதில்மேல் வைத்துவிட்டு, கா கா என்று கூப்பிட்டு, காக்கை வந்து கொத்திய பிறகுதான் எங்களுக்குச் சோறு போடுவாள். 'தாத்தா சாப்ட்டுட்டாரு' என்பாள். செத்துப்போன தாத்தாவுக்கே ஒரு காக்கை மூலமாக வயிறு நிறையும் என்றால், உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு அக்காள் மகன் மூலமாக நிறையாதா? கணக்கு சரியாக இருந்தது. நான் மாமாவின் காக்கை.

எனக்கு இதில் ஒரு சுயநலமும் இருந்தது. பிரான்சுக்குப் போனதும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தோல் பந்து ஒன்று அனுப்புவதாக மாமா முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் நான் கடமையாகச் சாப்பிட்டேன். பசித்தபோது சாப்பிட்டேன், பசிக்காதபோதும் சாப்பிட்டேன். ஈரல் பிடிக்காது, பந்தை நினைத்துக்கொண்டு விழுங்கினேன். சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் நின்று, 'மாமாவுக்கு எடை ஏறணும்' என்று மனமுருக வேண்டிக்கொண்டு, கையோடு போய் மாமாவின் முட்டையைத் தின்றேன். என் வேண்டுதலும் என் வாயும் எதிரெதிர் அணியில் ஆடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சாமிக்குத் தெரிந்திருக்கும், சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது.

சாப்பாடு மட்டும் போதாது என்று சொல்தா ஐயா சொன்னார். கொத்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் சுவர் எழும்பாதாம். வேலை கொடுக்க வேண்டுமாம். தசைக்கு உழைப்புக் கொடுத்தால்தான் புரொத்தீத் அங்கே போய்க் கட்டுமாம். அதனால் மாமா தினமும் சாயங்காலம் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று உத்தரவு. மாமா இந்த உத்தரவை மட்டும் எள்ளளவும் மீறவில்லை. ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் அவருக்கு வேலை. கடை அடைத்ததும் நேரே வீட்டுக்கு வந்து, என்னை முன் கம்பியில் ஏற்றிக்கொண்டு, மழை தூறினாலும் கருவடிக்குப்பம் வரைக்கும் மிதிப்பார்.

கருவடிக்குப்பத்தில் ஓர் ஆப்பக் கடை இருந்தது. கடை என்றால் ஒரு தாய், ஒரு மகள், இரண்டு அடுப்பு, ஒரு தார்ப்பாய். தாய் காது மந்தம். மகள் ஆப்பம் சுடுவாள். மாமா எனக்கு ஆப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்கலாம். முடித்துவிட்டால் நிற்பதற்குக் காரணம் இல்லை. இந்த ஏற்பாட்டை நான் புரிந்துகொள்ளவில்லை என்பதால் மாமா ஒருநாள் விஞ்ஞானத்தின் துணையை நாடினார்.

"அவக் அவக்னு முழுங்காதடா. மெதுவா மென்னு தின்னு. செரிமானம் வயித்துல இல்ல, வாயிலயே ஆரம்பிக்குது. எச்சில் பட்டாத்தான் மாவு சக்கரையா மாறும்."

சோதித்துப் பார்த்தேன். உண்மைதான். ஆப்பத்தின் நடுப்பகுதியை நெடுநேரம் மென்றால் நாக்கில் ஓர் இனிப்பு ஊறத்தான் செய்தது. தேங்காய்ப்பால் தொடாமலே இனித்தது. நான் அதில் மூழ்கிப் போனேன். மாவு சர்க்கரையாகும் அந்த நேரமெல்லாம் மாமாவுக்குச் சொந்தம்.

"பட்டாளத்துக்குப் போறவரு நீங்க ஒண்ணும் சாப்புடலியா?" என்று அந்தப் பெண் ஒருநாள் கேட்டாள்.

"போறவன்தானே சாப்புடணும்" என்றார் மாமா.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூடியைத் திறக்க மறந்துவிட்டாள். அந்த ஆப்பம் ஓரமெல்லாம் கருகிப் போனது. அதை என் தட்டில் போட்டு, மேலே தேங்காய்ப்பாலை ஏராளமாக ஊற்றினாள். அந்த உரையாடலில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தத் தேங்காய்ப்பால்தான்.

அன்றைக்கு வீட்டில் அம்மா எனக்குத் தலை துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆப்பக்கடப் பொண்ணு எப்படிடா? சிடுசிடுன்னு இருக்குமா?"

"இல்லம்மா. நல்லா ஊத்துவாங்க."

"என்னாத்த?"

"தேங்காப்பாலு. கேக்காமலே ரெண்டாந்தரம் ஊத்துவாங்க."

அம்மா துண்டை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, "அப்ப சரி" என்றாள். எது சரி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாளும் அவள் மாமாவின் தட்டில் அதே குன்றை எழுப்பிவிட்டு, ரசம் எடுக்கப் போனாள்.

மாமாவின் முன்னேற்றத்தைப் பார்க்க சொல்தா ஐயா ஒரு வழி வைத்திருந்தார். தெருமுனையில் விறகுக் கடை. அங்கே மனிதன் ஏறி உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய தராசு உத்தரத்தில் தொங்கும். பூசை முடிந்து கோட்டோடு வந்து, மாமாவை அதில் ஒரு தட்டில் உட்காரவைத்து, மறு தட்டில் எடைக்கல் ஏற்றச் சொல்வார். மாமா சம்மணம் போட்டு, கண்ணை மூடி, தவம் செய்கிறவர்போல் தொங்குவார்.

முதல் முறை, பரிசோதனையில் பார்த்த எடையிலிருந்து முள் அசையவில்லை. எனக்கு ஆச்சரியம். நான் சரியாகச் சாப்பிடவில்லையோ என்று தோன்றியது. அந்த வாரம் இன்னும் அக்கறையோடு சாப்பிட்டேன். அடுத்த முறை மாமாவின் தட்டு முன்பைவிடச் சற்று மேலேயே நின்றது. ஒரு கல்லை இறக்க வேண்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன காக்கை நான்!

விறகுக்கடைக்காரர் மறு தட்டில் பாதிக் கல்லை இறக்கிவிட்டு, விளையாட்டாக என்னைத் தூக்கித் தராசில் வைத்தார். தட்டு 'தொம்' என்று தரையில் உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஐயா, நீங்க தப்பான ஆள பட்டாளத்துக்குத் தயார் பண்றீங்க" என்றார் விறகுக்கடைக்காரர். "இந்தப் புள்ளைய அனுப்புங்க. எதிரி இவனத் தாண்டி வரமாட்டான்."

சொல்தா ஐயா சிரிக்கவில்லை. மீசையைத் தடவியபடி மாமாவைச் சுற்றி ஒரு வலம் வந்தார். சோறு போகிறது, முட்டை போகிறது, வெண்ணெய் போகிறது, எடை வரவில்லை. அப்படியானால் நடுவில் யாரோ திருடுகிறார்கள். திருடன் பக்கத்திலேயே ஆப்பத்தில் வளர்ந்த கன்னத்தோடு நின்றுகொண்டிருந்தான். ஆனால் அவர் உலகம் பார்த்தவர், வெகுதூரம் யோசித்தார்.

"பூச்சி" என்று தீர்ப்புச் சொன்னார். "வயித்துல பூச்சி இருக்கு. நாம பூச்சிக்கு வெண்ணெ போட்டுக்கிட்டு இருக்கோம்."

அப்பாவும் ஒப்புக்கொண்டார். "மொதல்ல பூச்சிக்கு மருந்து குடு" என்று அம்மாவிடம் சொன்னார்.

"குடுக்கறேன். நேரம் பாத்துக் குடுக்கறேன்" என்றாள் அம்மா.

அந்த நேரம் உடனே வரவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. அம்மா மருந்துப் பேச்சை எடுக்கவே இல்லை. பொங்கல் வந்தது. சர்க்கரைப் பொங்கலில் மாமாவின் பங்கையும் நெய் சொட்டச் சொட்ட நானே உண்டேன். பரிசோதனை ஒரு திங்கட்கிழமை என்று தகவல் வந்தது. எடை அப்போதும் கொஞ்சம் குறைவுதான். ஆனால் எட்டிப் பிடித்துவிடும் தூரம். காரணம், எவ்வளவுதான் நான் உழைத்தாலும், அப்பா எதிரில் உட்கார்ந்த நாட்களில் மாமா உண்மையாகவே சாப்பிட வேண்டியிருந்தது. அப்பாவின் மில் நண்பர் ஒருவர் கடைசி நேரத்து யுக்தி ஒன்று சொல்லியிருந்தார்: எடை பார்ப்பதற்குச் சற்று முன்னால் வயிறு முட்ட வாழைப்பழமும் தண்ணீரும். பழமும் தண்ணீரும் செரிப்பதற்குள் தராசில் ஏறிவிட வேண்டும். அப்பா ஒரு பூவன் தாரே வாங்கி வந்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். மாமா வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அதை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையில் ஆசை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பாவுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால் அன்று காலை ஷிஃப்ட். சொல்தா ஐயா கோட்டு மாட்டிக்கொண்டு பூசைக்குப் போனார். தெருவில் அவர் பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்ததும், அம்மா அடுப்படியிலிருந்து ஒரு தம்ளரோடு வந்தாள். அந்த நெடியை எந்தப் பிள்ளையும் மறக்கமாட்டான். விளக்கெண்ணெய். பேதிக்குக் கொடுக்கும் நாள் என்று தெரிந்ததும் நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். துரத்திக்கொண்டு யாரும் வராததால், எனக்கில்லை என்று புரிந்துகொண்டு மெல்லத் திரும்பி வந்து கதவோரம் நின்றேன்.

மாமா தம்ளரைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

"இன்னிக்கா, அக்கா?"

"இன்னிக்குத்தான். நாளைக்கிப் பரிச்ச. பூச்சியெல்லாம் போவணும் இல்ல?"

"மாமா திட்டுவாரு உன்ன."

"திட்டட்டும். குடி."

மாமா என்று அவர் சொன்னது என் அப்பாவை. பிறகு அவர் ஒரே மடக்கில் குடித்தார். முகம் சுளிக்கவில்லை, மூக்கைப் பிடிக்கவில்லை, சர்க்கரை கேட்கவில்லை. விளக்கெண்ணெயைப் பாயசம் மாதிரிக் குடித்த ஒரு மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். இனி பார்க்கப் போவதில்லை.

விளக்கெண்ணெயும் ஒரு லிப்பீத்தான். ஆனால் சொல்தா ஐயாவின் பாடத்தில் இல்லாத வகை. மற்ற கொழுப்புகள் உள்ளே வந்தால் தங்கிப் பெட்டியில் படுத்துக்கொள்ளும். இது தங்குவதில்லை, போகிற போக்கில், உள்ளே குடியிருக்கும் மற்றவர்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறும். தண்ணீரைக்கூட விட்டுவைக்காது. அன்று காலை எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு மூடித் திறந்து, மூடித் திறந்து, கீலே கழன்றுவிடும்போல் ஆயிற்று. போதாததற்கு அம்மா வழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பேதிக்குக் கொடுத்த நாளில் ரசஞ்சோறும் மோரும்தான். முட்டை ஆகாது, மீன் ஆகாது, நெய் வாசனையே ஆகாது. இதை எதிர்த்துப் பேச எந்தத் தமிழனாலும் முடியாது.

சொல்தா ஐயா பூசை முடிந்து, கடைசித் தாக்குதலுக்காக ஒரு பொட்டலம் வெண்ணெயோடு வந்தார். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு அவரைக் கடந்து கொல்லைக்கு ஓடினார்.

"என்னா குடுத்த பொண்ணே?"

"நீங்கதான ஐயா பூச்சின்னு சொன்னீங்க."

சொல்தா ஐயாவின் கையில் வெண்ணெய் உருகத் தொடங்கியது. அவர் சில பிரெஞ்சு வார்த்தைகளை மெதுவாகச் சொன்னார். பூசை முடிந்த கையோடு சொல்லக்கூடிய வார்த்தைகள் அல்ல என்று அந்தத் தொனியிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை அப்பா பூவன் தாரை இறக்கினார். மாமா நல்ல மனதோடு ஒரு பழத்தை உரித்தார். பாதி உள்ளே போனது. மீதியைப் பார்த்ததும் வயிறு குமட்டி, குடித்த தண்ணீரும் திரும்பி வந்துவிட்டது. அப்பாவும் சொல்தா ஐயாவும் அவரை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு ரிக்ஷாவில் ஏற்றினார்கள். நான் வாசலில் நின்று கையாட்டிவிட்டு, மாமாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று உள்ளே வந்து, உரித்த மிச்சப் பழத்தைச் சாப்பிட்டேன். அதோடு நிற்கவில்லை. எடை பார்க்கிற அந்தக் கணத்தில் மாமாவுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று, வயிறு டம்மென்று ஆகும்வரை தாரிலிருந்து பிய்த்துத் தின்றேன்.

மத்தியானம் அவர்கள் திரும்பினார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தெருவே விஷயத்தைத் தெரிந்துகொண்டது. முதல் தடவை இருந்த எடைகூட இல்லை. வீட்டில் சாப்பாடு ஏதாவது போடுகிறார்களா என்று டாக்டர் பரிவோடு விசாரித்தாராம். அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை. மழைக்காலம் முழுவதும் மத்தி சுமந்த மனிதர்.

"அறிவிருக்காடி உனக்கு?" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "பூச்சிக்கு மருந்து குடுக்க ஒனக்கு வேற நாளே கெடைக்கலியா? மூணு மாசமா என்னா பண்ண? உங்கப்பா மேல இருந்து பாத்துக்கிட்டு இருப்பாருடி!"

அம்மா தலைகுனிந்து நின்றாள். சொல்தா ஐயா நாற்காலியில் உட்கார்ந்து, தோலுக்குள் கம்பளி சேராததால் பனிக்குப் போக முடியாமல் போன ஒரு வீரனுக்காகப் பெருமூச்சு விட்டார். மாமா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவமானம் தாங்காமல் தலையைத் தூக்க முடியவில்லை என்று நான் நினைத்தேன்.

அந்த வைகாசியில் கருவடிக்குப்பத்து ஆப்பக்கடைப் பெண் எனக்கு அத்தையானாள். கல்யாணமான சில மாதங்களில் யாரும் கேட்காமலே மாமாவுக்கு எடை ஏறத் தொடங்கியது. இன்றைக்கு அவரும் நானும் ஒரே ஆட்டோவில் போக முடியாது. கல்யாணப் பேச்சை முதலில் எடுத்து, அப்பாவைச் சம்மதிக்க வைத்தவள் அம்மா. "பிரான்சுக்குத்தான் போவ முடியல. கண்ணு முன்னாலயாச்சும் இருக்கட்டும்" என்று அவள் சொன்னபோது குரலில் அவ்வளவு ஏமாற்றம் இருந்ததாக அப்பா கடைசிவரை நம்பினார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னை நம்பி ஒப்படைத்த வேலையை நான் கெடுத்துவிட்டேன், என்னால் அம்மா திட்டு வாங்குகிறாள் என்பதுதான்.

அப்பா ஓய்ந்ததும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விடுவிடென்று அடுப்படிக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதம்மா. தப்பு உன்னுது இல்லம்மா. மாமா சோத்தையெல்லாம் மாமாவுக்காக நாந்தான் சாப்ட்டேன். பத்தல போலருக்கு. இன்னும் நெறய சாப்ட்டிருக்கணும்."

அவ்வளவுதான். அம்மா அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்து மார்போடு அழுத்திக்கொண்டாள். சத்தம் கூடத்துக்குக் கேட்டுவிடாமல் இருக்க என் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் உடம்பு முழுவதும் அதிர்ந்தது, மூச்சுத் திணறியது, கண்ணீர் என் உச்சந்தலையில் சூடாகச் சொட்டியது. நடுநடுவே மூக்கு வழியாக ஒரு விசில் சத்தம் வேறு. கூடத்து மூலையிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். அவள் கையை வீசி, போ போ என்று அவரை விரட்டினாள். விரட்டிவிட்டு இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். அவரும் சட்டை நுனியை வாயில் கடித்துக்கொண்டு ஓடினார்.

ஒரே தம்பியை வெளிநாடு அனுப்ப முடியாமல் போன துக்கம் இவ்வளவு பெரிதா என்று எனக்கு அம்மாமேல் இரக்கம் பொங்கியது. அவளைத் தனியாக அழவிட மனமில்லாமல், துணைக்கு நானும் அழுதேன்.